நாள்காட்டியும் நுண்ணோக்கியும்: வத்திராயிருப்பு வட்டாரக் கன்றுகளின் குடல் ஒட்டுண்ணிகள் குறித்து

கறவை மாடுகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்யும் நாளை நம் ஊர்களில் பெரும்பாலும் கால்நடை முகாமே தீர்மானிக்கிறது. முகாமுக்கு ஓட்டி வந்த உருப்படிகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றப்படுகிறது. அன்று பிறந்திராத கன்று அடுத்த முகாம்வரை காத்திருக்கிறது. வளர்ந்த மாட்டுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். இளங்கன்றுக்குப் பொருந்தாது. முதல் மாதத்தில் மருந்தின் நாளைக் கன்றின் வயதும், அதன்பின் மருந்தின் தேவையைச் சாணப் பரிசோதனையும் முடிவு செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வத்திராயிருப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரால் நெல்லும் தென்னையும் விளையும் பகுதி. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் அறுத்த ஈரப்புல் தீவனமாகிறது. அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலுக்குக் கிராக்கி உள்ள வட்டாரம் இது. பால் விலைபோகும் இடத்தில் கன்றின் பங்கு சுருங்கும் ஆபத்தும் உண்டு. ஊட்டம் குறைந்த கன்றை ஒட்டுண்ணி எளிதில் வீழ்த்தும். ஈரமும் குறைந்த பாலும் சேரும்போது இழப்பு பெருகும்.

இளங்கன்றின் முதல் பகை டாக்சோகாரா விட்டுலோரம் என்னும் பெரிய உருண்டைப்புழு. ஓரடி நீளம்வரை வளரும் இப்புழு கன்றுக்கு வரும் முதன்மை வழி தாய்ப்பால். பசு அல்லது எருமையின் திசுக்களில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் ஈற்றுக் காலத்தில் மடிக்கு நகர்ந்து, சீம்பாலோடும் அடுத்து வரும் நாள்களின் பாலோடும் கன்றின் குடலை அடைகின்றன. எருமைப் பாலில் இவை வெளிப்படுவதை இலங்கையில் ராபர்ட்ஸ், பெர்னாண்டோ, சிவநாதன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தனர். உறங்கும் இளம்புழுக்களை வழக்கமான குடற்புழு மருந்துகள் நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை. எனவே தாய்க்கு மருந்து ஊற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைய இடமில்லை. பாலில் புழு வருகிறதென்று சீம்பாலைக் குறைப்பது அதைவிடப் பெரிய கேடு. பிறந்த கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றல் சீம்பால் வழியே மட்டும்தான் கிடைக்கிறது.

இப்புழு முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்குமுன் சாணத்தை எத்தனை முறை பார்த்தாலும் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, நாற்றத்தோடு கழிச்சல் தொடங்கும்போது குடல் ஏற்கெனவே புழுக்களால் நிறைந்திருக்கும். கொட்டில் மண்ணிலும் முட்டைகள் விழுந்திருக்கும். ஈரமண்ணில் அவை மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே பிறந்த பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள், பரிசோதனைக்குக் காத்திராமல், மருத்துவர் சொல்லும் அளவில் பைபரசினோ பைரன்டெலோ கொடுப்பதே முறை. பாலில் வரும் இளம்புழுக்கள் பெரும்பாலும் குடலை அடைந்துவிட்ட, ஆனால் முட்டையிடத் தொடங்காத இடைவெளி அது.

சோதிக்காமல் மருந்து கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நீலகிரியில் சாண்டிநல்லா ஆட்டுப்பண்ணையின் அனுபவம் உட்பட, ஆடுகளில் மருந்து எதிர்ப்பு நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்த எதிர்ப்பு, மேய்ச்சலில் தொற்றும் புழுக்கள்மீது ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வளர்ந்தது. பதினைந்து நாள் கன்று இன்னும் புல்லைத் தொடவில்லை. அதன் குடலில் அந்த மேய்ச்சல் புழுக்கள் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை, குறித்த நாளில் தரும் மருந்தால் அவற்றில் எதிர்ப்பு வளர வழியில்லை.

ஒரு மாதம் கடந்தபின் நிலைமை தலைகீழ். அப்போது கழிச்சலுக்குப் பல காரணங்கள் உண்டு. ரத்தமும் சளியும் கலந்த கழிச்சலென்றால் ஐமேரியா சூர்னி, ஐமேரியா போவிஸ் போன்ற காக்சிடியாவை நினைக்கவேண்டும். இவை ஓரணு உயிரிகள். குடற்புழு மருந்து இவற்றைத் தொடாது. சல்ஃபா மருந்துகளோ ஆம்ப்ரோலியமோ, அவற்றோடு உலர்ந்த தரையும் தேவை. மேயத் தொடங்கிய கன்றில் ஹீமான்கஸ் வகைப் புழுக்கள் ரத்தம் குடித்துத் தாடை வீக்கம் உண்டாக்கும். கண்மாய்ப் புல்லில் நத்தை வழிப் பரவும் ஆம்ஃபிஸ்டோம் தட்டைப்புழுக்களின் முட்டைகள் கனமானவை. சாணத்தை உப்புக் கரைசலில் மிதக்கவைக்கும் முறையில் அவை தப்பிவிடும், படியவைத்துத் தேடவேண்டும். அவற்றின் இளம்பருவம் முட்டையே இடாமல் கடும் கழிச்சல் தரும் என்பதால், மேய்ந்த இடத்தையும் மருத்துவர் கேட்டறியவேண்டும். இத்தனைக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது; சாணத்தைச் சோதித்தே மருந்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அது கடினமும் அல்ல. கார்டனும் விட்லாக்கும் 1939இல் ஆட்டுப் புழுக்களுக்காக வெளியிட்ட மெக்மாஸ்டர் முட்டை எண்ணும் முறைக்கு ஒரு நுண்ணோக்கியும், கட்டமிட்ட கண்ணாடியும், உப்புக் கரைசலும் போதும்.

இதற்குத் தேவையான ஏற்பாடு நம்மிடம் பாதி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தின் செயற்கைக் கருவூட்டல் பதிவேட்டில் கருவூட்டிய நாள் உண்டு. அதனுடன் ஏறத்தாழ 280 நாள் கூட்டினால் பசு ஈனும் நாள். அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளி மருந்து நாளைக் குறித்து மாட்டுக்காரருக்கு நினைவூட்டலாம். ஈன்ற தேதி முன்பின் ஆனால் திருத்திக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்குப் பின் கழிகிற கன்றுகளின் சாணத்தை ராஜபாளையத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பும் முறையைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் முன்னின்று நடத்தலாம். இன்று இறக்கும் ஒரு கிடேரிக் கன்று, மூன்றாண்டுக்குள் ஒரு குடும்பத்தின் கறவைப் பசுவாகியிருக்கவேண்டியது. முகாம் தேதிக்காக அதைக் காக்கவைப்பதை இனியும் ஏற்க முடியாது.