நெபுலைசரும் தொற்று நோயும் - ஒரு சிறு வரலாறு

2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் தொற்று வேகமாகப் பரவிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கொரோனா நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அந்த நாட்களில் உலகெங்கும் மருத்துவர்கள் முன் ஒரு கேள்வி நின்றது. கொரோனா வந்தவருக்கு ஆஸ்துமாவும் இருந்தால், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை எப்படிக் கொடுப்பது?

வழக்கமான பதில் நெபுலைசர். திரவ மருந்தை நுண்ணிய துளிகளாக்கி முகமூடி வழியாக அனுப்பும் கருவி இது. நோயாளி சும்மா மூச்சு விட்டால் போதும், மருந்து உள்ளே போய்விடும். ஆனால் முகமூடியின் ஓரங்களில் கசியும் புகை, நோயாளி இருமித் தள்ளும் கிருமியையும் சேர்த்து அறை முழுக்கப் பரப்பினால்?

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் நிமோனியா என்று ஒரு இளைஞர் சேர்க்கப்பட்டார். அவருக்கு வந்திருந்தது சார்ஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் தினமும் நான்கு முறை நெபுலைசரில் சால்பூட்டமால் கொடுத்தார்கள். அந்த வார்டிலிருந்து தொடங்கிய பரவலில் 138 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 69 பேர் மருத்துவமனை ஊழியர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள்! நெபுலைசர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, வார்டின் காற்றோட்டமும் சரியில்லை. ஆனாலும் அதன் மேல் விழுந்த சந்தேகம் போகவே இல்லை.

மாற்று வழி ஏற்கெனவே கையில் இருந்தது. அழுத்தினால் அளவாக மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர் 1956-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள கஷ்டம். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற வெற்றுக் குழாயைப் பொருத்தினால் அந்தக் கஷ்டமும் தீர்ந்தது. ஸ்பேசர் வாங்க வசதியில்லாத இடங்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. 500 மில்லி பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் செய்த ஸ்பேசரும் குழந்தைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது என்று 1999-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள்.

2020-ல் பல நாடுகளின் மருத்துவர்கள் இந்த வழிக்குத்தான் வந்தார்கள். முடிந்தவரை இன்ஹேலரும் ஸ்பேசரும். ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. நெபுலைசர் தவிர்க்க முடியாது என்றால் தனி அறை, நல்ல காற்றோட்டம், ஊழியருக்கு என்95 முகக்கவசம். புகையில் இருப்பது மருந்துதான், நோயாளியின் கிருமி அல்ல என்று வாதிட்ட பிரிட்டன் நிபுணர்களும் உண்டு. அந்த விவாதம் முழுதாக முடியவில்லை.

இதே பிரச்சினை இன்னொரு வேடத்தில் தமிழ்நாட்டுத் தெருவுக்கும் வந்தது. 2021 மே மாதம், இரண்டாவது அலையின் உச்சத்தில், பொது இடங்களில் பலர் சேர்ந்து ஆவி பிடிக்க ஏற்பாடுகள் நடந்தன. அப்படிச் செய்தால் தொற்று பரவும் என்று சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆவி கொரோனாவுக்கு மருந்தும் அல்ல.

மருந்து நோயாளியின் நுரையீரலுக்குப் போனால் மட்டும் போதாது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் ஊசி போட வரும் நர்ஸும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு எப்போதும் பெரிய இயந்திரம் தேவைப்படுவதில்லை. சில நேரம் ஒரு வெற்றுக் குழாயே போதும்.