மூன்று நாள் இடைவெளி



போன மாதம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போனேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படிவம் 1ஏ-வில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலை சீக்கிரம் முடிந்ததென்று எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது.

பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் கேட்பவர் தன் உடல்நிலை பற்றித் தானே உறுதிமொழி தர வேண்டும். 1935-இல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. 25 கெஜ தூரத்திலுள்ள நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்டுவதே அந்தக் காலத்துக் கண் பரிசோதனையாக இருந்தது. இன்றும் 70 வயதைத் தாண்டியவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும்.

2011 பிப்ரவரியில் கோல்செஸ்டர் நகரில் 87 வயது முதியவர் ஒருவர் சிறு விபத்தில் சிக்கினார். போலீஸார் பரிசோதித்தார்கள், நம்பர் பிளேட் அவருக்குத் தெரியவில்லை. உரிமத்தைக் கொடுத்துவிடும்படி எவ்வளவோ சொல்லியும் மறுத்துவிட்டார். உடனே பறிக்கப் போலீஸாருக்கு வழியில்லை. மூன்றே நாளில் அவருடைய கார் நடைபாதையில் ஏறி, 16 வயது மாணவி ஒருத்தியின் உயிரைப் பறித்தது. அந்தத் தாய் ஓயாமல் போராடினார். 2013 முதல், கண் பரிசோதனையில் தவறியவரின் உரிமத்தைச் சில மணி நேரத்தில் ரத்து செய்ய முடிகிறது.

ஆனால் கண் குறைபாட்டைச் சாலையிலேயே கண்டுபிடிக்கலாம். மயக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோவில் குப்பை லாரி ஓட்டுநர் நினைவிழந்தார். ஆறு பேர் இறந்தனர். 2010-இலேயே ஒரு பேருந்தை ஓட்டும் பணியில் இருந்தபோது அவருக்கு மயக்கம் வந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டார் என்பது விசாரணையில் வெளிவந்தது.

நம் நாட்டின் படிவம் 1-உம் வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்றுதான் கேட்கிறது. பதில் எழுதுவது நாம்தான். நாம் பொய் எழுதினால் சட்டம் என்ன செய்யும்?

மனம் கேட்காமல் கண் மருத்துவரிடம் போனேன். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம். இப்போது இரவில் வண்டி எடுப்பதில்லை.

மருத்துவராக இருக்கும் என் மாணவர்களே, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர்கள், வீட்டில் வண்டி ஓட்டும் பெரியவர்களைப் பக்குவமாக அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டுங்கள்.

வாழ்க வளமுடன்.