கன்சோல் மேசை: சுவரை அளக்கும் முன் நடைவழியை அளந்து பாருங்கள்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டு ஹாலுக்கு ஒரு கன்சோல் மேசை வாங்கினோம். நான்கு அடி நீளம், 16 அங்குல ஆழம். கடையில் பார்க்க ஒல்லியாகத்தான் தெரிந்தது. வாசலை அடுத்த சுவரில் வைத்தோம். சாவி, மின்சார பில், பாட்டியின் மருந்து டப்பா, தாத்தா படத்துக்குக் கீழே விளக்கு என எல்லாம் அதன்மேல் ஏறின. விருந்துக்கு வந்தவர்கள் முறுக்குத் தட்டையும் அங்கேதான் கண்டார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆனால் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் அதைத் திருப்ப முடியவில்லை. மேசைமேல் இருந்ததையெல்லாம் தரையில் வாரிப் போட்டு, மேசையைத் தூக்கி வெளியே வைத்த பிறகே பாட்டியைக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். பாட்டி வலியில் முனகிக்கொண்டிருந்த அந்த நிமிடங்களில் நான் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குறை மேசையில் இல்லை, விற்றவரிடமும் இல்லை. நாங்கள் சுவரை அளந்தோம். ஆள் நடக்கும் வழியை அளக்கவில்லை.

கன்சோல் மேசை என்பது சுவரோடு ஒட்டி நிற்கும் ஒல்லியான, உயரமான மேசை. நம் ஊர்த் தளவாடக் கடைகளில் ‘கன்சோல்’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் டிவி வைக்கும் தாழ்வான பெட்டியைத்தான் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு. டிவி கன்சோல் முழங்கால் உயரத்தில் இருக்கும், ஆழமும் அதிகம். நாம் பேசும் மேசை இடுப்புயரம் இருக்கும். பொதுவாக 75 முதல் 90 செ.மீ. உயரத்திலும், 25 முதல் 45 செ.மீ. ஆழத்திலும், 80 முதல் 150 செ.மீ. நீளத்திலும் கிடைக்கிறது. ஆழம் என்பது சுவரிலிருந்து நம்மை நோக்கி நீளும் அளவு. இந்த மூன்றில் வீட்டைப் படுத்துவது அதுதான்.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு மேசைக்குத் தேவையே இருக்கவில்லை. செருப்பு, குடை, பால்வாளி, சைக்கிள் எல்லாம் வெளியே அஞ்சடியோடு நின்றுவிடும். சாமி மேடை உள்ளே தனியாக இருக்கும். தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, நம்மில் பலர் அடுக்குமாடிக்கு வந்தபோது அஞ்சடி இல்லாமல் போனது. பிபிஆர் வீடு என்றால் சுமார் 700 சதுர அடிக்குள் மூன்று அறை, ஹால், சமையலறை, குளியலறை, கழிப்பறை என எல்லாம் அடங்க வேண்டும். கதவைத் திறந்தால் நேராக ஹால்தான். வெளியே இருந்தவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஹெல்மெட்டும் சாவியும் கடிதமும் எங்காவது உட்கார வேண்டும் அல்லவா? அதனால் இந்த மேசையை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் வைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அது; அங்கே எதையும் வைக்கக்கூடாது.

சரி, எப்படி அளப்பது?

முதலில் மேசை வைக்க நினைக்கும் சுவரிலிருந்து எதிரே இருக்கும் பொருள் வரை அளங்கள். எதிர்ச் சுவர் அல்ல, பொருள். சோபாவாக இருந்தால் அதன் கைப்பிடி வரை. சாய்வு நாற்காலியாக இருந்தால் அதைச் சாய்த்து வைத்த நிலையில் அளக்க வேண்டும். வரும் எண்ணிலிருந்து 90 செ.மீ., அதாவது மூன்று அடியைக் கழித்துவிடுங்கள். மீதிதான் மேசைக்கு. 120 செ.மீ. இடம் இருந்தால் மேசையின் ஆழம் 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. 115 இருந்தால் 25. அதற்கும் குறைவாக வந்தால் காலுள்ள மேசையை மறந்துவிட்டு, சுவரில் ஆணியடித்துப் பொருத்தும் ஒரு பலகைத் தட்டே போதும்.

இந்த 90 செ.மீ. எதற்கு? ஓர் ஆள் தனியாக நடக்க 60 செ.மீ. இருந்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் குறுகி நடப்பதில்லை. வயதானவர் பிடித்து நடக்கும் வாக்கரே ஏறக்குறைய 60 செ.மீ. அகலம் இருக்கும். சக்கர நாற்காலி 65 செ.மீ. வரை வரும், அதைத் தள்ளுபவர் கை சுவரில் உரசாமல் இருக்க இருபக்கமும் இடம் வேண்டும். நாற்காலியை ஒரே இடத்தில் முழுவதுமாகத் திருப்ப 150 செ.மீ. தேவை. சின்ன ஹாலில் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே திருப்பம் இருக்கும் இடத்தில், முக்கியமாக அறைக்குப் போகும் முனையில், எந்த மேசையும் வேண்டாம். எங்கள் வீட்டில் சுவருக்கும் சோபாவுக்கும் இடையே இருந்தது 110 செ.மீ. மேசை 40 செ.மீ. தின்றுவிட்டது. மிஞ்சியது 70. வீட்டில் 80 வயதைத் தொட்ட ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும் நாங்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

அடுத்தது கதவு. மூன்றடி அகலக் கதவு உள்பக்கம் திறந்தால் மூன்றடிக்கு ஒரு வளைவு போடும். கதவை முழுவதும் திறந்து, அதன் முனை போகும் பாதையைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேசை அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கதவின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறைக் கதவு, கிரில், அலமாரிக் கதவு எதையும் விட்டுவிடாதீர்கள். மின்சார சுவிட்சுப் பெட்டி வாசலுக்கு மேலோ பக்கத்திலோ இருந்தால், மின்தடை வந்த இருட்டில் மேசைமேல் எட்டாமல் அதைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள்.

நீளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: சுவரின் வெற்றிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறடிச் சுவருக்கு நான்கடி மேசை கண்ணுக்கு நன்றாக இருக்கும். இது அழகுக்கான கணக்குதான், பத்து செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. சோபாவின் முதுகுக்குப் பின்னால் வைப்பதாக இருந்தால் மேசையின் உயரம் சோபா முதுகைத் தாண்டாமல் இருக்கட்டும். தரை வீட்டில், பெரிய ஹால் உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

உயரத்தைத் தீர்மானிப்பது மேசைமேல் என்ன வைக்கிறோம் என்பது. நம் வீடுகளில் இந்த மேசைக்கு மேலே பெரும்பாலும் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். படத்தின் அடிச்சட்டம் மேசைப் பலகையிலிருந்து 15, 20 செ.மீ. மேலே இருந்தால் போதும் என்று அலங்காரம் சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்வார்கள். விளக்கேற்றாத வீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. நாம் விளக்கேற்றுகிறோம், ஊதுபத்தி வைக்கிறோம். மாலை படத்துக்குக் கீழேயும் தொங்கும், பிளாஸ்டிக் மாலை என்றால் பொறி பட்டாலே உருகும். ஆகவே மேசை 75 செ.மீ. உயரத்தோடு நிற்கட்டும், படம் இன்னும் மேலே போகட்டும். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு பக்கமாக, பித்தளைத் தட்டின்மேல் வையுங்கள். ஜன்னல் திரை காற்றில் எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் ஒருமுறை கவனியுங்கள்.

ஆழம் குறைய மேசை கவிழும் வாய்ப்பு கூடும். 25 செ.மீ. மேசையைச் சின்னப் பிள்ளை பிடித்து ஏறினால் போதும், விளக்கோடு சேர்ந்து சாயும். வயதானவர்கள் நடக்கும்போது மேசை விளிம்பைப் பிடிப்பார்கள், அதை நாம் தடுக்க முடியாது. பின்பக்கம் இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு சில வெள்ளிதான். மேசையின் முனைகள் வளைவாக இருந்தால் இடுப்பில் காயம் படாது.

பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைந்தவை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நாம் தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைப்பவர்கள்; இந்த மேசையின் கால்கள் ஈரத்தை உறிஞ்சி ஓராண்டில்கூட ஊதிவிடலாம். காலுக்கடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ரப்பர் மரத்தில் செய்தது கிடைக்கும். ஜொகூர் மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகள் அதற்குப் பேர்போனவை. பால் வற்றி, 25, 30 ஆண்டில் மறுநடவுக்காக வெட்டப்படும் மரம் அது. ஒரு காலத்தில் விறகாகத்தான் எரிந்தது. பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காதபடி பதப்படுத்தும் முறை பரவிய பிறகு மேசையும் நாற்காலியுமாக வெளிநாடு போகிறது. பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அதைக் கடையில் தடவிப் பார்த்து விலை கேட்கிறோம்.

இணையத்தில் வாங்குபவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்க்க வேண்டும். 1200 மி.மீ. என்பதும் 120 செ.மீ. என்பதும் ஒன்றே, சுமார் நான்கடி. படத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் பூச்சாடியை வைத்து அளவை ஊகிக்காதீர்கள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம் என்றால், படிக்கட்டு திரும்பும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். கால்கள் கழற்றி மாட்டும் வகை அங்கே நல்லது.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேசையின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் வெட்டி, அதே இடத்தில் தரையில் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் இரண்டு பெட்டியை உயரத்துக்கு அடுக்குங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டில் யார் இடித்துக்கொள்கிறார்கள், யார் ஒதுங்கிப் போகிறார்கள், இரவில் கழிப்பறைக்கு எழுந்து வருபவருக்கு வழி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வாக்கர் வைத்திருப்பவர் இருந்தால் அவரையே நடக்கச் சொல்லுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

எங்கள் பழைய மேசை இப்போது தரை வீட்டில் இருக்கும் அத்தையிடம் போய்விட்டது. தெரிந்த தச்சர் ஒருவரிடம் 25 செ.மீ. ஆழத்தில் புதிதாக ஒன்று செய்து வாங்கினோம். சோபாவையும் பத்து செ.மீ. பின்னால் தள்ளினோம். இப்போது நடைவழி 95 செ.மீ. பாட்டி வாக்கரோடு வந்து, மேசை அருகே நின்று, கண்ணாடியை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறார்.