செவியில் உறுத்தும் சொற்கள்

குருப்பட்டம் பெற்ற புதிதில் நாம் பணியாற்றிய சிற்றூர்ப் பங்கொன்றில், முதிய தாய் ஒருவர் சனிக்கிழமைதோறும் மாலையில் கோயில் வாசலில் வந்து நிற்பார். "பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சாமி" என்பார். குருமடத்தை விட்டு வந்து ஓராண்டும் நிறையாத எமக்கு அச்சொல் செவியில் முள்ளாக உறுத்திற்று. "ஒப்புரவு அருட்சாதனம் என்று சொல்லுங்கள் பாட்டி" என்று திருத்தினோம். ஒருமுறையன்று, பலமுறை. ஒருநாள் அவர் அமைதியாகக் கேட்டார்: "பேர மாத்திட்டா பாவம் வேறயாயிடுமா சாமி?" அன்று எமக்கு விடை தோன்றவில்லை, சினந்தான் தோன்றியது.

அன்றாடம் புழங்கும் சொற்கள் சிலருக்கு எரிச்சலூட்டுவது புதிதன்று. பேரன் பேச்சு பாட்டனுக்குப் பொறுக்காது. பாட்டன் சொல்லைக் கேட்டுப் பேரன் நகைப்பான். ஆனால் தமிழகத் திருச்சபையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், ஒரு சொல் உறுத்துகிறதா என்பதைவிட, அது யாருடைய செவியில் உறுத்துகிறது என்பதே பெரிய கேள்வியாக இருந்து வந்திருப்பது புலனாகும்.

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கினார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற சொல் நுழைந்துவிட்டது. கடலோர மக்கள் அவ்வாறே ஓதி வந்தனர். 1544-இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், அதை விடுத்துச் சரியான சொல்லைக் கற்பிக்குமாறு சவேரியார் பணித்தார். (ஆண்டவரை 'வேணும்' என்பதும் ஒருவகை விசுவாசந்தானே என்று எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இறையியல் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக!) மக்களைக் குறை கூறாமல் தம் பிழையைத் தாமே திருத்தினாரே, அது பெரிது.

இதனினும் ஆழமாக உறுத்திய சொல் 'பறங்கி'. ஐரோப்பியரைக் குறிக்க அரபியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லே நம் நாவில் பறங்கியாயிற்று. இன்று பறங்கிமலையும் பறங்கிப்பேட்டையும் பறங்கிக்காயும் யாரையும் புண்படுத்துவதில்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்து மதுரையில் அச்சொல்லைக் கேட்டோர் முகஞ்சுளித்தனர். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், குளித்துத் தூய்மை பேணாதவன், குலமற்றவன் என்ற பொருளெல்லாம் அதில் ஏறியிருந்தன. அக்காலத்தில் மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள் பள்ளியும் மருந்தகமும் நடத்திய நல்லவர். அவரோ தம்மைப் பறங்கி என்று சொல்வதில் தவறொன்றும் காணவில்லை. திருமுழுக்குக்கு வருபவரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்பதே வழக்கமாக இருந்தது! கிறிஸ்துவிடம் வர விருப்பமா என்பது வேறு, பறங்கியாக விருப்பமா என்பது வேறு என்பதை அவர் செவி பிரித்தறியவில்லை. ஆண்டுகள் பல உழைத்தும் மதுரை மக்கள் அவரை அணுகாததில் வியப்பென்ன?

1606-இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகள் இச்சொல்லின் கனத்தை விரைவில் உணர்ந்தார். தாம் பறங்கியல்லர் என்று ஓலையில் எழுதித் தம் இல்லத்தின் வாசலில் வைத்தார். 'மிசா' என்றால் தமிழ்ச் செவிக்கு மீசைதான் நினைவுக்கு வரும். அவர் 'பூசை' என்றார். தேவாலயத்தைக் 'கோயில்' என்றார். கடவுளுக்குச் 'சர்வேசுரன்' என்ற பெயர் வழங்கலாயிற்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. நொபிலி அடிகள் செவிசாய்த்தது மேற்குலத்தாரின் உறுத்தலுக்கு. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிறிஸ்தவர்களாய் வாழ்ந்து, மதுரைக் கோயிலுக்கும் வந்துபோன பரதவ மக்களோடு தாம் சேர்த்தெண்ணப்படாமல் இருக்கவும் அவர் விலகி வாழ்ந்தார்; வேறு கோயில் கட்டினார். தங்களோடு வழிபட்ட ஒரு குரு தங்களைவிட்டு விலகியது அம்மக்களின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? நொபிலியாரின் மேதைமையைப் போற்றும் நாம் இதையும் கேட்டாக வேண்டும்.

எவரையும் உறுத்தாதிருக்கத் தேர்ந்த அதே சொற்கள் பின்னாளில் உறுத்தத் தொடங்கின. தனித்தமிழ் உணர்வு இருபதாம் நூற்றாண்டில் பரவிற்று. 1963-இல் வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு தாய்மொழிக்கு வழிதிறந்தது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சுவிசேஷம் நற்செய்தியாயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' என்ற போர்த்துக்கீசிய ஒலி பரிசுத்த ஆவியாகிப் பின்னர் தூய ஆவியென நிலைத்தது. 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது நாம் குருமட மாணவர். கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தம் தாயைப் பார்த்து 'ஸ்திரீயே' என்றழைப்பதாகப் பழைய பதிப்பில் படித்து நெருடலுற்றிருந்த எமக்கு, அங்கே 'அம்மா' என்ற சொல்லைக் கண்டபோது நெஞ்சம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் பங்குக்குச் சென்று பாட்டியைத் திருத்தினோம் போலும்.

இன்னுமொரு சொல் உண்டு: 'அவஸ்தைப் பூசுதல்'. வடமொழியில் 'நிலை' என்று மட்டுமே பொருள்படும் அவஸ்தை, தமிழர் பேச்சில் துன்பமாகிவிட்டது. குருவானவர் அவஸ்தைக்கு வந்தார் என்றால் தெருவே அழத்தொடங்கும். ஆதலால், கடைசி மூச்சுவரை குருவை அழைக்கவே அஞ்சினர். கடைசிப் பூசுதல் என்பதைவிட நோயாளர் பூசுதல் என்பதே பொருத்தம் என்று சங்கம் சொன்னது; 1972-இல் ஆறாம் பவுல் திருத்தந்தை புதிய சடங்குமுறையை ஏற்படுத்தினார். சொல் மாறிற்று. அச்சம் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் நோயுற்றிருக்கக் கேட்டு அவர் இல்லம் சென்றோம். மகன் வாசலிலேயே தடுத்தார். "அவஸ்தை மட்டும் வேண்டாம் சாமி. அந்தச் சொல்லக் கேட்டாலே அப்பா பயந்துடுவாங்க." இது நோயில் பூசுதல், சாவுக்கு மட்டுமுரியதன்று, நலம்பெறவும் வேண்டுவோம் என்று விளக்கினோம். "பேரு எதுவானா என்ன சாமி, எண்ணெய் அதுதானே?" என்றார். பாட்டி கேட்ட கேள்வியே வேறு வாயிலிருந்து வந்தது. ஆசீர் மட்டும் அளித்துத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் இரவு மகனே வந்து அழைத்தார். படுக்கையருகே குனிந்தோம். முதியவர் எம் கையைப் பற்றிக்கொண்டார்.

"அன்னைக்கே வந்தீங்களாமே. எனக்கு அவஸ்தை பூசாமலே போயிட்டீங்களே சாமி?"

நாம் திருத்தவில்லை. எண்ணெய்ச் சிமிழைத் திறந்தோம். மின்சாரம் போயிருந்தது, மகன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.