போக்குவரத்து: ஒரு சொல்லும் அதன் பாதி வழியும்

'அவுங்களோட நமக்குப் போக்குவரத்து கெடையாது' என்பாள் அப்பத்தா. தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா, பந்தியில் உட்காரலாமா, பெண் எடுக்கலாமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு இருந்தது. அந்த 'நமக்கு'க்குள் வளர்ந்தவன்தான் நானும்.

சொல்லைப் பிரித்தால் போக்கு, வரத்து. கண்மாய்க்கு நீர்வரத்து, சந்தைக்குச் சரக்கு வரத்து என்கிறோமே, அதே வரத்து. ஆங்கில 'டிரான்ஸ்போர்ட்'டின் லத்தீன் வேர் கடத்திச் சுமப்பதை மட்டுமே சொல்கிறது. தமிழ்ச் சொல்லோ நான் போனால் நீயும் வரவேண்டும் என்கிறது. ஊர் இதை ஒருபோதும் ஏற்றதில்லை. அறுப்புக்கு ஆள் கூப்பிடச் சேரிக்குப் போக்கு உண்டு. அங்கிருந்து நம் வீட்டு வாசல் தாண்டி வரத்து இல்லை.

பஸ் வந்தபோது இந்தப் பழைய கணக்கும் கூடவே ஏறிக்கொண்டது. தீண்டத்தகாதவர் எனப்பட்டோரைத் தனியார் பஸ் முதலாளிகள் ஏற்ற மறுத்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் சௌந்தரபாண்டியன், ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

1972இல் பஸ்கள் அரசுடைமையாகி, கழகங்களுக்குப் பாண்டியன், சேரன், சோழன் என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. 1997இல், அதே பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில், ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வந்தது. கட்டபொம்மன் படையின் தளபதியாக நினைக்கப்படுபவர், தேவேந்திரர். உடனே 'அந்தப் பேரு போட்ட பஸ்ஸுல ஏறமாட்டோம்' என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முன்பு ஏறவிடாமல் தடுத்தவர்கள், இப்போது தாங்களே ஏற மறுத்தார்கள். இரண்டும் ஒரே காரியம்தான்.

அரசு என்ன செய்தது? அந்த ஆண்டே கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் பெயர்களை நீக்கியது. மறுத்தவர்களிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. எல்லாப் பெயரும் போனதால் இது சமத்துவம் என்று சொல்லப்பட்டது. மன்னர்கள் இருபத்தைந்து வருஷம் பஸ்ஸில் ஓடி முடித்திருந்தார்கள். சுந்தரலிங்கத்துக்கு அது சில மாதம்கூட வாய்க்கவில்லை.

பெயர் அழிந்த பஸ்ஸின் பக்கவாட்டில் 'போக்குவரத்துக் கழகம்' என்பது மட்டும் மிஞ்சியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்கிறது. பஸ் போய்வருகிறது, சரி. நமக்குள் போக்குவரத்து உண்டா?