தபாலில் திரும்பி வந்த திருத்தம்

படிப்பை விட்டுப் பல ஆண்டு கழித்துத் தேர்வெழுத வருபவர், இணைய வகுப்பில் எத்தனை மணி நேரக் காணொளி என்றுதான் முதலில் பார்க்கிறார். தொலைதூரப் படிப்பின் வரலாறோ வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறது. 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்ததும் ஐசக் பிட்மன் அஞ்சலில் சுருக்கெழுத்து கற்பித்தார். மாணவர்கள் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடத்தைவிட அந்தத் திருத்தமே சரக்கு. தொலைதூரப் படிப்பு பிறகு பரவியது: 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் தேர்வைத் திறந்தது. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது.

இன்று கொள்குறி வினாவை இயந்திரமே நொடியில் திருத்துகிறதே என்பார்கள். மதிப்பெண் வரும், சரி. பழக்கம் விட்டவர் வட்டிக் கணக்கில் எந்த வரியில் சறுக்கினார் என்பதைப் பல வகுப்புகள் சொல்வதில்லை. கட்டணம் கட்டுமுன் அதைச் சொல்வார்களா என்றுதான் விசாரிக்க வேண்டும்.