கரண்டி பிடித்த கைகள்

இல்லத்தரசிகளின் தொண்டு என்றதும் சமையல், தையல் வகுப்புகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், சிங்கப்பூரில் பெரும் மாற்றம் ஒன்று சோற்றுக் கரண்டியிலிருந்துதான் தொடங்கியது.

ஜப்பானியர் ஆட்சி 1945ல் முடிந்தும் உணவுத் தட்டுப்பாடு தீரவில்லை. பசியால் வாடிய பிள்ளைகளுக்காகச் சமூகநலத் துறை இலவச உணவு நிலையங்களை நடத்தியது. சம்பளம் வாங்காமல் அங்கே உணவு பரிமாறியவர்களில் பலர் பெண் தொண்டூழியர்கள். கான்ஸ்டன்ஸ் கோ அவர்களில் ஒருவர்.

மெலிந்த பிள்ளைகளையும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுத் தளர்ந்த தாய்மார்களையும் அவர்கள் அன்றாடம் கண்டார்கள். ஒருவேளைச் சோறு அன்றைய பசியை மட்டுமே ஆற்றும் என்பது புரிந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1949ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. சமயத் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பெண்கள் பின்வாங்கவில்லை, மருந்தகங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1952ல் மும்பையில் அனைத்துலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தொடங்கிய எட்டு நாட்டுச் சங்கங்களில் சிங்கப்பூர்ச் சங்கமும் ஒன்று. 1966ல் அரசாங்கமே ஒரு வாரியம் அமைத்து அப்பணியை ஏற்றுக்கொண்டது.

‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று 1972ல் தொடங்கிய அரசாங்க இயக்கமும், இன்று பிறப்பு விகிதம் சரிந்திருப்பதும் பிந்தைய கதை. அந்தப் பெண்கள் தொடங்கிய இடம் தாயின் உடல்நலம். கண்ணால் கண்ட துயரத்திற்குக் காரணம் தேடியதே அவர்கள் செய்த பெருந்தொண்டு.